தள்ளுவண்டி ஹாட் டாக் வீட்டில்: தண்ணீரா, கல்லா, நெருப்பா?

நியூயார்க் தெருமுனையில் நீல மஞ்சள் குடைக்கு அடியில் நிற்கும் வண்டிக்காரர் ஒரு ஹாட் டாக் கட்டிக் கொடுக்கப் பதினைந்து விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்வதில்லை. இடது கையில் பன்னைப் பிளந்து பிடித்துக்கொள்வார். வலது கை தகர மூடியைத் தள்ளும். ஆவி குப்பென்று எழும். இடுக்கி உள்ளே போய் ஒரு சாசேஜோடு, அதாவது அரைத்து மசாலா சேர்த்து நீள உருளையாக அடைத்த இறைச்சியோடு, வெளியே வரும். வரும் வழியில் தொட்டி விளிம்பில் ஒரு தட்டு, சொட்டும் நீர் உதிர்வதற்காக. கடுகுச் சாஸ் ஒரு கோடு, சிவந்த வெங்காயம் ஒரு கரண்டி, சுற்றி ஒரு மெல்லிய காகிதம். அடுத்த ஆள்.

இவ்வளவு எளிய ஒன்றை வீட்டில் செய்வதில் என்ன சிரமம் என்று நினைத்துத்தான் நானும் இறங்கினேன். பெரிய பானை நிறைய தண்ணீர், தளதளவென்று கொதி, எட்டு சாசேஜ். பத்து நிமிடத்தில் நான்கு வெடித்துவிட்டன. மிச்சம் நான்கும் வெளிறி, ஊறி, உப்பே இல்லாமல் கிடந்தன. தண்ணீரைத் தொட்டு நக்கிப் பார்த்தேன். நான் தேடிய சுவை அதில்தான் இருந்தது!

அதன்பிறகு கல், கம்பி அடுப்பு, ஓவன், மைக்ரோவேவ் என்று எல்லாவற்றிலும் செய்து பார்த்தாயிற்று. எது சிறந்தது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்: உங்களுக்கு வண்டிச் சுவை வேண்டுமா, நல்ல சுவை வேண்டுமா? இரண்டும் ஒன்று என்று நினைத்து ஆரம்பிப்பவர்கள் ஏமாறுகிறார்கள். நன்றாகச் சிவக்க வறுத்த சாசேஜ், தண்ணீரில் கிடந்ததைவிடச் சுவையானது என்று பலரும் சொல்வார்கள். நானும் மறுக்க மாட்டேன். ஆனால் அதைக் கடித்தால் தெருமுனை நினைவுக்கு வராது.

இந்தப் பிரிவு நியூயார்க்கிலேயே பழையது. ஜெர்மனியிலிருந்து வந்த சார்லஸ் ஃபெல்ட்மன் 1867ல் நியூயார்க்கின் கடற்கரைப் பகுதியான கோனி ஐலண்டில் வண்டி வைத்து, சூடான சாசேஜை ரொட்டிக்குள் வைத்து விற்றார். அவருடைய உணவகத்தில் வேலை பார்த்த போலந்துக்காரர் நேத்தன் ஹேண்ட்வெர்க்கர் 1916ல் தனிக்கடை போட்டு, முதலாளி பத்து சென்டுக்கு விற்றதை ஐந்து சென்டுக்குக் கொடுத்தார். அந்த நேத்தன்ஸ் கடையில் இன்று சாசேஜ் உருள்வது சுடுகல்லில். 1932ல் தொடங்கிய பப்பாயா கிங், அதன் வழியில் வந்த கிரேஸ் பப்பாயா ஆகிய கடைகளும் கல் கட்சிதான். தண்ணீர்க் கட்சி என்பது குடை வண்டிகள். அவற்றில் கிடைப்பதற்கு ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர் ‘டர்ட்டி வாட்டர் டாக்’, அதாவது அழுக்குத் தண்ணீர் டாக். வசவு போலத் தெரிந்தாலும் பாசத்தோடுதான் சொல்கிறார்கள்.

தண்ணீர்

அந்த ‘அழுக்கு’தான் ரகசியம். வண்டித் தொட்டியில் டஜன் கணக்கான சாசேஜ்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடந்து எழுகின்றன. ஒவ்வொன்றும் கொஞ்சம் உப்பையும் கொழுப்பையும் பூண்டு, மிளகு வாசனையையும் விட்டுவிட்டுப் போகிறது. மதியத்துக்குள் அது தண்ணீராக இருப்பதில்லை. ஒரு மங்கலான ரசமாகிவிடுகிறது. அடுத்து உள்ளே போகும் சாசேஜ் அதனிடம் இழப்பதற்கு ஒன்றும் இல்லை. வீட்டிலோ எதிர்மாறு. மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீரில் ஆறு சாசேஜைப் போட்டால், உப்பு அதிகமுள்ள இடத்திலிருந்து இல்லாத இடத்துக்கு ஓடுகிறது. நாம் சாசேஜைச் சமைப்பதாக நினைத்துக்கொண்டு சுமாரான சூப் வைக்கிறோம்.

ஒரு சனிக்கிழமை இதைச் சோதித்தே பார்த்தேன். ஒரே பொட்டலத்திலிருந்து இரண்டு சாசேஜ் மூன்று லிட்டர் வெறும் தண்ணீரில். இரண்டு சாசேஜ் முக்கால் லிட்டர் தண்ணீரில், அதில் ஒரு மாட்டிறைச்சி சூப் கட்டியும் நசுக்கிய பூண்டு இரண்டு பல்லும் ஒரு தேக்கரண்டி வினிகரும். இரண்டுக்கும் பதினைந்து நிமிடம், ஒரே சூடு. வெட்டிப் பார்த்தால் முதலாவதின் வெளி வளையம் வெளிறியிருந்தது. நடுப்பகுதியில் மட்டும் சிவப்பு. இரண்டாவது ஓரம் வரை ஒரே நிறம். எது எதுவென்று சொல்லாமல் வீட்டில் மூன்று பேருக்குக் கொடுத்தேன். மூன்று பேரும் இரண்டாவதைத்தான் கேட்டார்கள். இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதன்பிறகு நான் பெரிய பானையைத் தொடவில்லை.

ஆகவே தண்ணீர் முறையில் முடிவு செய்ய வேண்டியவை இரண்டுதான்: எவ்வளவு தண்ணீர், எவ்வளவு சூடு. சாசேஜ்கள் ஒரே அடுக்காகப் படுக்கும் அகலப் பாத்திரம் எடுங்கள். அவை மூழ்கினால் போதும். தண்ணீரை வாயில் வைத்தால் இளஞ்சூப் போல உப்பு தெரிய வேண்டும். சூடு 75 முதல் 80 டிகிரி செல்சியஸ். வெப்பமானி இல்லாவிட்டால் பாத்திரத்தின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி எழுந்து, நடுவில் தண்ணீர் அசையாமல் இருக்கும் நிலை. அதைத் தாண்டிக் கொதிக்கவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி உறையைக் கிழிக்கும். பத்து நிமிடத்தில் தயார். விருந்தாளி தாமதமானால் அடுப்பைக் குறைத்து, 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் வரை கிடக்க விடலாம். தண்ணீர் முறையின் உண்மையான பலம் இங்கேதான். வேறு எந்த முறையிலும் சாசேஜ் உங்களுக்காகக் காத்திருக்காது.

குறையும் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. இறைச்சி சிவந்து மணப்பதற்குச் சுமார் 140 டிகிரியாவது வேண்டும். எனவே வறுத்த வாசனை இந்த முறையில் வரவே வராது. அந்த இடத்தை வண்டிகளில் வெங்காயமும் கடுகும் நிரப்புகின்றன.

கல்

தட்டையான கனத்த இரும்புக்கல், மிதமான தீ, துளி எண்ணெய். சாசேஜைப் போட்டு அரை நிமிடத்துக்கு ஒரு முறை உருட்டிக்கொண்டே இருந்தால் ஆறு ஏழு நிமிடத்தில் சுற்றிலும் செம்பழுப்பாகும். உறை இறுகி, கடிக்கும்போது பட்டென்று உடையும். இரண்டு பேருக்கு, மூன்று பேருக்குச் செய்வதென்றால் யோசிக்கவே வேண்டாம், கல்தான். தண்ணீருக்குச் சுவையேற்றும் வேலை இல்லை, கழுவ ஒரே பாத்திரம், பன்னையும் அதே கல்லில் வாட்டிக்கொள்ளலாம்.

சிக்கல் பத்துப் பேர் வந்தால். ஒருவர் கல்லடியிலேயே நிற்க வேண்டும். தீ அதிகமானால் வெளியே கருகி உள்ளே சில்லிட்டிருக்கும். எடுத்து வைத்த சாசேஜ் ஐந்து நிமிடத்தில் சுருங்கித் தோல் தளர்ந்துவிடும்.

இரண்டையும் சேர்த்தால் என்ன என்று யாரும் கேட்பார்கள். சேர்க்கலாம். சுவையேற்றிய நீரில் எட்டு நிமிடம், பிறகு துணியில் ஒற்றி எடுத்துக் கல்லில் ஒரு நிமிடம். ஒற்றுவதை மறக்கக் கூடாது. ஈரத்தோடு போட்டால் வெடித்துத் தெறிப்பதோடு கல்லும் ஆறிவிடும். சுவை என்று மட்டும் பார்த்தால் எனக்குப் பிடித்தது இந்தக் கலப்பு முறை. ஆனால் சாப்பிட்ட நண்பர் ஒருவர் “நன்றாக இருக்கிறது, கடையில் வாங்கினாயா?” என்று கேட்டார். வண்டி என்று சொல்லவில்லை, கடை என்றார். நான் முன்னே சொன்ன வித்தியாசம் அதுதான்.

மற்றவை

கரி அடுப்பின் புகை வாசனை அருமையானது. ஆனால் அது கொல்லைப்புறத்து விருந்தின் சுவை. சிகாகோவில் இதற்குத் தெருக்கடை மரபு உண்டு; முனைகளைக் குறுக்காகக் கீறி, கருகக் கருகச் சுட்டுத் தருவார்கள். ஓவனும் ஏர் ஃபிரையரும் கேடில்லை: 200 டிகிரியில் ஆறு நிமிடம், தோல் கொஞ்சம் சுருங்கும், அவ்வளவுதான். மைக்ரோவேவ் பசிக்கு உதவும். அதைத் தெரு முறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் இரவில் நிற்கும் வண்டிகள் சாசேஜைப் பேக்கன் என்னும் உப்பிட்ட பன்றி இறைச்சிக் கீற்றால் சுற்றி, இரும்புத் தகட்டில் வெங்காயம், குடைமிளகாயோடு சேர்த்து வறுக்கின்றன. மெக்சிகோவின் எர்மோசியோவிலிருந்து அரிசோனாவின் டூசான் வரை பரவிய சொனோரா ஹாட் டாக்கும் இதே குடும்பம். அதில் பீன்ஸும் தக்காளியும் சேரும். இதற்குக் கல் ஒன்றுதான் வழி. மெல்லிய பேக்கனாக வாங்கிச் சுற்றி, அதன் கடைசி முனை அடியில் இருக்கும்படி குளிர்ந்த கல்லிலேயே வைத்து, பிறகு தீயை மூட்டுங்கள். கொழுப்பு மெல்ல உருகி, பேக்கன் தானாகவே சாசேஜோடு ஒட்டிக்கொள்ளும். சூடான கல்லில் வைத்தால் முதல் திருப்பிலேயே அவிழ்ந்துவிடும். நேரம் பன்னிரண்டு, பதினைந்து நிமிடம்.

எந்த சாசேஜ்?

முறையைவிட இது முக்கியம் என்று சில நாள் தோன்றும். பொதுவாக இரண்டு வகை. ஆட்டுக் குடலால் ஆன இயற்கை உறை உள்ளது ஒன்று. தொழிற்சாலையில் செல்லுலோஸ் குழாய்க்குள் வேகவைத்து, பிறகு குழாயை உரித்து எடுத்த உறையில்லாத வகை மற்றொன்று. கடிக்கும்போது வரும் அந்த ‘பட்’ முதல் வகைக்கே உரியது. தண்ணீர் முறையில் உறையில்லாததைப் போட்டால் மென்மைக்கு மேல் மென்மை, பன்னோடு கலந்து வாயில் ஒரே கூழ். ஆகவே தண்ணீர் என்றால் இயற்கை உறை. உறையில்லாததுதான் கிடைக்கிறது என்றால் கல்லுக்கு மாறிவிடுங்கள். வறுபடும்போது அதன் மேல்புறமே ஒரு தோல் போல இறுகும்.

நியூயார்க், சிகாகோ வண்டிகளின் சுவை முழு மாட்டிறைச்சியால் ஆனது, பூண்டு தூக்கலாக இருக்கும். மாட்டிறைச்சி வேண்டாம் என்பவர்களுக்குக் கோழி, வான்கோழி சாசேஜ் உண்டு. கொழுப்பு குறைவு என்பதால் கல்லில் சீக்கிரம் வறண்டுவிடும். சுவையேற்றிய தண்ணீர் அதற்குப் பொருத்தம், சூப் கட்டியையும் கோழியாக மாற்றிக்கொள்ளலாம். சைவ சாசேஜுக்குத் தண்ணீர் பகை, ஊறி உடைந்துவிடும். கல், கூடுதல் எண்ணெய், பொறுமை.

பொட்டலத்தில் பத்து சாசேஜ், பன் எட்டு என்ற பழைய கணக்கு இன்னும் பல கடைகளில் தொடர்கிறது. எட்டு சாசேஜ் உள்ள பொட்டலமும் இப்போது கிடைக்கிறது. ஒரு பவுண்டில் எட்டு என்றால் ஒன்று சுமார் 57 கிராம், பத்து என்றால் 45. நான் எட்டைத்தான் எடுப்பேன். மிஞ்சிய இரண்டு சாசேஜ் குளிர்பெட்டியில் அநாதையாகக் கிடப்பதைப் பார்க்கச் சகிக்காது.

பன்னும் வெங்காயமும்

விலையுயர்ந்த ரொட்டி வாங்குவதுதான் வீட்டுக்காரர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. மொறுமொறுப்பான ரொட்டி மேல் அண்ணத்தைக் கிழிக்கும். வெண்ணெய் மிகுந்த பிரியோஷ் இனித்துக்கொண்டு முன்னே வரும். வண்டியில் இருப்பது மலிவான, மென்மையான வெள்ளைப் பன். தண்ணீர் முறை என்றால் அதே பாத்திரத்தின் மேல் ஒரு சல்லடையை வைத்து, பன்னை அரை நிமிடம் ஆவியில் காட்டுங்கள். ஒரு நிமிடம் என்றால் பிசுபிசுக்கும். கல் முறை என்றால் உட்புறத்தை மட்டும் வாட்டுங்கள். சாசேஜை உள்ளே வைத்துக் காகிதத்தில் சுற்றி ஒரு நிமிடம் விட்டால் பன் அந்த ஆவியை வாங்கிக்கொண்டு சாசேஜைத் தழுவிக்கொள்ளும். நடந்துகொண்டே சாப்பிடும்போது கிடைக்கும் அந்த நெகிழ்ச்சி இந்த ஒரு நிமிடத்தில் வருவது.

நியூயார்க் வண்டி என்பதை நாக்குக்கு உறுதிப்படுத்துவது சிவப்பு வெங்காயச் சாஸ். சாப்ரெட் நிறுவனக் குடைகளோடு சேர்ந்து அறியப்பட்ட இதை உருவாக்கியவர் ஆலன் கைஸ்லர். பாட்டிலில் கிடைக்கிறது. கிடைக்கும் இடத்தில் இருந்தால் வாங்கிவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வண்டிக்காரர்களும் தயாராக வாங்கியதைத்தான் ஊற்றுகிறார்கள். வீட்டில் செய்வதானால் இரண்டு நடுத்தர வெங்காயத்தைப் பிறை வடிவில் மெல்லியதாக அரிந்து, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் நிறம் மாறாமல் வதக்குங்கள். சிவக்கக் கூடாது, கண்ணாடி போல ஆனால் போதும். இரண்டு மேசைக்கரண்டி கெட்சப், அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள், விரல் நுனியில் எடுத்த பட்டைத்தூள், அரைக் கோப்பைத் தண்ணீர். மூடாமல் இருபது நிமிடம் சிறு தீயில். கடைசியில் ஒரு தேக்கரண்டி வினிகர். கரண்டியால் அள்ளினால் ஒழுகாமல், தட்டில் விட்டால் மெல்லப் பரவ வேண்டும். பட்டைத்தூள் கூடிவிட்டால் கேக் வாசனை வந்துவிடும். என் முதல் முயற்சி அப்படித்தான் குப்பைக்குப் போனது.

இதற்குத் துணை, நியூயார்க்கில் காரமான பழுப்புக் கடுகுச் சாஸ், விரும்பினால் சவர்கிராட் என்னும் புளித்த முட்டைகோஸ். அதை அலசிப் பிழிந்து, சாசேஜ் தண்ணீர் ஒரு கரண்டி விட்டுச் சூடாக்கினால் புளிப்பு அடங்கும்.

சிகாகோ முறை வேறு உலகம். கசகசா தூவிய பன், மஞ்சள் கடுகு, பளபளக்கும் பச்சை ரெலிஷ் (பொடியாக நறுக்கிய வெள்ளரி ஊறுகாய்), பொடியாக அரிந்த வெங்காயம், தக்காளித் துண்டு, வெள்ளரி ஊறுகாய்க் கீற்று, வினிகரில் ஊறிய சிறு மிளகாய், கடைசியாகச் செலரி விதைத்தூள் கலந்த செலரி உப்பு. கெட்சப் கேட்டால் முகம் சுளிப்பார்கள். வாங்க வேண்டிய பொருள் எட்டு, அடுப்பு வேலையோ மிகக் குறைவு. காய்கறி எல்லாம் குளிர்ந்தவை என்பதால் சாசேஜ் ஆவி பறக்கச் சூடாக இருக்க வேண்டும்; எனவே இங்கேயும் நான் தண்ணீரைத்தான் சொல்வேன். செலரி உப்பு கிடைக்காவிட்டால் இந்த வகையை விட்டுவிடுவது நல்லது. அது இல்லாமல் ரொட்டிக்குள் திணித்த சாலட் போலத்தான் இருக்கிறது.

ஜாக்கிரதைகள்

கடையில் வாங்கும் ஹாட் டாக் சாசேஜ் பெரும்பாலும் ஏற்கெனவே வெந்தது. நாம் சூடுதான் ஏற்றுகிறோம். ஆனாலும் கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் லிஸ்டீரியா கிருமியின் ஆபத்து உண்டு என்பதால், அவர்களுக்குக் கொடுப்பதை 74 டிகிரி வரை, ஆவி வரச் சூடாக்கச் சொல்கிறது அமெரிக்க வேளாண்மைத் துறை. பிரித்த பொட்டலம் குளிர்பெட்டியில் ஒரு வாரம் தாங்கும். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வட்ட வட்டமாக வெட்டித் தராதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும் வடிவம் அது; நீளவாக்கில் கீறிப் பொடியாக்குங்கள். 2015ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்தது. தண்ணீரில் போட்டாலும் கல்லில் போட்டாலும் அது பதப்படுத்திய இறைச்சிதான். எங்கள் வீட்டில் மாதத்துக்கு ஒரு முறை.

இத்தனைக்கும் பிறகு என் வழக்கம் இது. நாங்கள் இருவர் மட்டும் என்றால் கல், உறையில்லாத சாசேஜ் இருந்தாலும் பரவாயில்லை. ஆறு பேருக்கு மேல் என்றால் தண்ணீர், இயற்கை உறை, வெங்காயச் சாஸ் முந்தின நாளே செய்து வைத்தது. நியூயார்க்கில் சில காலம் இருந்துவிட்டு வந்தவர் யாராவது வருகிறார் என்றால் ஆள் எண்ணிக்கை பார்ப்பதில்லை, தண்ணீர்தான். அவர் முதல் கடியில் ஒன்றும் பேசாமல் இருந்தால் சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

மிஞ்சிய தண்ணீரைச் சேமித்து அடுத்த முறைக்குப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. மூன்று நாள் குளிர்பெட்டியில் வைத்து மூடியைத் திறந்தேன். மேலே வெள்ளைக் கொழுப்பு ஏடு, அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ, வாசனை சொல்லத் தரமில்லை. நியூயார்க்காரர்கள் வைத்த அந்தப் பெயரை அன்றைக்குத்தான் முழுதாக ஒப்புக்கொண்டேன். சமைத்த அன்றே கொட்டிவிடுங்கள்.